ஆறு புள்ளி தந்த ஆசான் லூயி பிரெயில்

ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்று நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் சாத்திர நூல்களை எடுத்துத் தூய்மை செய்து, புதுத் துணி சுற்றி, மலரிட்டு வணங்குகிறோம். நினைவில் மட்டுமே நின்ற ஆகமம் அழிந்துவிடலாகாதே என்று அஞ்சிய தரசேன ஆசாரியர் அதனைப் புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களுக்குப் போதித்தார். அவர்கள் அதனை எழுத்தில் அமைத்தார்கள். அந்நிகழ்ச்சியின் நினைவாகவே இவ்விழாவைக் கொண்டாடுகிறோம். எழுத்து எத்துணைப் பெரிய காப்பு என்பதை நம் சமயத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும், நாம் வணங்கும் அந்நூலைக் கண்ணால் காண இயலாத குழந்தை ஒன்று நம் வீட்டிலேயே இருக்குமாயின், அதற்கு அந்நூல் வெறும் தாட்கட்டுத்தானே? அக்குழந்தைக்கும் எழுத்து உண்டு. தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் எழுத்து அது. அதனை ஆக்கியவர் முதிர்ந்த புலவரோ அரசவை அறிஞரோ அல்லர். பதினைந்து வயதே நிரம்பிய, கண்ணொளி இழந்த ஒரு மாணவர். லூயி பிரெயில் என்னும் அப்பெரியாரின் இருநூறாம் பிறந்த ஆண்டாகிய 2009-இல் நம் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த இரண்டு ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. அதனைக் கையில் வாங்கிச் செலவழித்த நம்மில் பலர், அவர் யார் என்று கேட்டதில்லை. அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சேணம் தைப்பவர் மகன்

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குரிய சேணமும் வார்களும் தைத்துக் குடும்பம் நடத்தி வந்தார். அவர் மனைவியார் பெயர் மோனிக். இவ்விருவர்க்கும் நான்காவது மகவாக 1809 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4 ஆம் நாள் லூயி பிறந்தார்.

தந்தையார் தோலைத் துளையிட்டுத் தைப்பதைக் கண்ட குழந்தை, தானும் அவ்வாறே செய்ய விழைந்தது. மூன்றாம் வயதில், தந்தையார் அருகில் இல்லாத வேளையில், கூரிய கருவியொன்றைக் கையில் எடுத்துத் தோலில் குத்த முயன்றது. அஃது குத்தூசி என்பர். கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண்ணில் சீழ் பிடித்து, அந்நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவியது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் அறியப்படாத காலம் அது. ஐந்தாம் வயதில் லூயிக்கு இரு கண்ணும் முற்றிலும் இருண்டன.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைக் குழந்தைக்குப் பிச்சை எடுப்பதே பிழைப்பு என்று பலரும் எண்ணினர். பிரெயில் குடும்பத்தார் அவ்வாறு எண்ணவில்லை. தந்தையார் மகனுக்கு ஏற்ற ஊன்றுகோல் செய்து கொடுத்து ஊருக்குள் நடமாட விட்டார். பட்டறையில் சிறு சிறு வேலைகள் தந்தார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, அவற்றைத் தடவச் செய்து எழுத்தறிவித்தார் என்றும் கூறுவர்.

ஊருக்குப் புதிதாக வந்த சமயகுரு பல்லுயி என்பார், சிறுவனை நாள்தோறும் அழைத்து, மலரை மணத்தாலும் பறவையைக் குரலாலும் அறியப் பழக்கினார். பின்னர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரேயிடம் பேசி, கண்ணுள்ள பிள்ளைகளுக்கு நடுவே அவனையும் அமர்த்தினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையொருவன் கைபிடித்து அழைத்துச் செல்ல, லூயி பள்ளிக்குச் சென்றார். கேட்டதையெல்லாம் நினைவில் நிறுத்திப் பிறரினும் நன்றாக விடை சொன்னார். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்த அளவில், அவர் கைகட்டி அமர்ந்திருக்க நேர்ந்தது. இக்குறையே அவர் உள்ளத்தில் விழுந்த முதல் விதை.

பாரிஸ் பள்ளி

1819 ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயதில், லூயி பாரிஸிலுள்ள அரச பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியை 1785 அளவில் நிறுவியவர் வாலென்டின் ஹாவி என்பவர். அவர் 1771-இல் பாரிஸ் சந்தையொன்றில் ஒரு கொடுங்காட்சியைக் கண்டார். பார்வையற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும் அட்டைக் கண்ணாடியும் அணிவித்து, முன்னால் இசையேட்டை வைத்து, இசைக்கருவிகளை மீட்டச் செய்து, கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அது கண்டு மனம் நொந்த ஹாவி, இவர்கள் உண்மையிலேயே படிக்கும் வழியைத் தாம் காண்பதென உறுதி பூண்டார். கண்ணுள்ளவர் படிக்கும் அதே எழுத்துக்களைப் பெரிதாகத் தாளில் புடைக்கச் செய்து, தடவிப் படிக்கும் நூல்களை உருவாக்கினார்.

ஹாவியின் நோக்கம் தூயது. ஆனால் முறையில் ஒரு குறை இருந்தது. அவ்வெழுத்துக்கள் கண்ணுக்காகப் பிறந்தவை. வளைவும் கோடும் கொண்ட ஒவ்வோர் எழுத்தையும் விரல் சுற்றிச் சுற்றி வந்து அறிய வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் அதன் தொடக்கம் மறந்து போகும். நூல்கள் தூக்கவொண்ணாப் பாரம் உடையவை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே இருந்தன. இவற்றினும் பெரிய குறை, மாணவர் அவ்வெழுத்தைத் தம் கையால் எழுத இயலாது என்பது. பிறர் எழுதியதைப் படிக்கலாம். தாம் எண்ணியதைப் பொறிக்க வழியில்லை.

பள்ளிக் கட்டடமோ பழையது, ஈரம் கசிவது. உணவு போதாது, தண்டனைகள் கடுமையானவை. லூயியின் நெஞ்சில் பிற்காலத்தில் குடியேறிய காசநோய்க்கு இவ்விடமே காரணமாயிற்று என்று கருதுவோர் பலர்.

பன்னிரண்டு ஆறாயிற்று

1821-இல், பீரங்கிப் படையில் பணியாற்றியவராகிய சார்லஸ் பார்பியே என்பார் தாம் கண்டறிந்த ஒரு புதுமுறையை இப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். கோடுகளை விட்டுப் புள்ளிகளால் எழுதும் முறை அது. ஒரு சட்டத்தில் தாளை வைத்துக் கூரிய சிற்றூசியால் குத்தினால், மறுபுறம் புள்ளி புடைத்து நிற்கும். விரல் கோட்டைவிடப் புள்ளியை எளிதில் உணர்கிறது என்னும் உண்மை இதனால் விளங்கியது. ஆனால் நிரைக்கு ஆறாக இரு நிரைகளில் பன்னிரண்டு புள்ளிவரை நின்றமையால் ஒரு குறி விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அன்றியும் அஃது ஒலிகளை மட்டுமே குறித்தது. சொல்லின் எழுத்தமைப்பையோ, நிறுத்தக் குறிகளையோ, எண்களையோ, இசைக்குறிகளையோ காட்டவில்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய லூயி இக்குறைகளை உணர்ந்தார். பகலில் பாடங்கள், இரவில் பிற மாணவர் உறங்கிய பின் தாளும் ஊசியுமாக அமர்ந்தார். விடுமுறையில் கூவ்ரேக்குச் சென்றாலும் இதே வேலை. எந்தக் கருவி அவர் கண்ணைக் கவர்ந்ததோ, அதனைப் போன்றதொரு கருவியே அவர் கையில் எழுதுகோலாயிற்று. மூன்றாண்டு உழைப்புக்குப் பின், 1824-இல், பதினைந்தாம் வயதில் வழி கண்டார்.

இரு நிரை, நிரைக்கு மூன்று புள்ளி, ஆக ஆறு. இவ்வாறு புள்ளிகளில் சிலவற்றை வைத்தும் சிலவற்றை விடுத்தும் 63 குறிகள் ஆக்கலாம். ஒவ்வொரு குறியும் விரல் நுனிக்குள் ஒரே தொடுதலில் அடங்கும். முதற் பத்து எழுத்துக்களை மேல் நான்கு புள்ளிகளாலேயே அமைத்தார். அவற்றோடு இடப்புறத்துக் கீழ்ப்புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துக்கள். கீழ்ப்புள்ளிகள் இரண்டையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. ஒருமுறை கற்றவர் மறவாத ஒழுங்கு இது. அன்றியும் அதே குறிகளால் எண்ணும் இசையும் எழுதலாம்.

1829-இல் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். பார்பியே இச்சிறுவன் கூறிய திருத்தங்களை முதலில் விரும்பி ஏற்றவர் அல்லர் என்பர். எனினும் தம் முறைக்கு மூலம் அவர் தந்த புள்ளிகளே என்று முன்னுரையில் நன்றியுடன் குறிப்பிட்டார் லூயி. நூற்பெருமையினும் இப்பண்பு பெரிது.

ஆசிரியர் பிரெயில்

பத்தொன்பதாம் வயதில் அதே பள்ளியில் துணையாசிரியராகவும், 1833-இல் முழு ஆசிரியராகவும் அமர்ந்தார். இலக்கணம், கணக்கு, நிலநூல், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். ஆர்கன் வாசிப்பதில் வல்லவராகிப் பாரிஸ் தேவாலயங்களிலும் பணியாற்றினார். 1837-இல் அவருடைய எழுத்தில் பிரான்ஸ் நாட்டு வரலாறு மூன்று தொகுதிகளாக அப்பள்ளியில் அச்சாயிற்று. அதே ஆண்டில் தம் முறையைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். கண்ணுள்ள பெற்றோர்க்குப் பார்வையற்ற பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டுமே என்று எண்ணி, வழக்கமான எழுத்துக்களையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையையும் 1839-இல் வகுத்தார்.

எரிந்த ஏடுகள்

1840-இல் பள்ளிக்குத் துபோ என்பவர் புதிய தலைவரானார். பார்வையற்றோர்க்குத் தனி எழுத்து இருப்பின் அவர்கள் பிறரிடமிருந்து விலகிவிடுவர் என்பது பிரெயில் முறையை எதிர்த்தோர் கூறிய காரணம். தாம் படிக்க இயலாத எழுத்தைத் தம் மாணவர் படிப்பதைச் சில ஆசிரியர் விரும்பவில்லை என்பது கூறாத காரணம். துபோவின் ஆணையால் புள்ளி எழுத்து ஏடுகள் எரிக்கப்பட்டன. சட்டங்களும் ஊசிகளும் பறிக்கப்பட்டன.

ஆனால் ஒருமுறை எழுதப் பழகிய கை சும்மா இருக்குமோ? மாணவர் மறைவாக எழுதினர். மூத்தவர் இளையவர்க்குப் பயிற்றினர். இதனைக் கண்ட துணைத்தலைவர் குவாதே, அம்முறையின் உயர்வை உணர்ந்து தலைவரின் மனத்தை மாற்றினார். 1844 பிப்ரவரியில் புதிய கட்டடத்தின் திறப்பு விழா நடந்தது. பலர் முன்னிலையில் ஒரு மாணவிக்குச் செய்யுள் சொல்லப்பட, அவள் புள்ளிகளால் எழுதினாள். அப்போது வெளியே நிறுத்தப்பட்டிருந்த மற்றொரு பிள்ளை உள்ளே வந்து, அத்தாளைத் தடவிப் பிழையின்றிப் படித்தது. அவையினர் ஐயம் நீங்கினர். அந்நாளில் பிரெயிலும் அவையில் இருந்தார். நோயால் குரல் மெலிந்திருந்தார்.

நம் தத்துவார்த்த சூத்திரம் ஞானாவரணீய கர்மம் வந்து சேரும் வாயில்களை எடுத்துரைக்கின்றது. அறிவை வெறுத்தல், மறைத்தல், பொறாமையால் பிறர்க்கு அளியாமை, கற்பார்க்கு இடையூறு செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். ஏடுகளை எரித்தல் அவ்விடையூற்றின் கொடிய வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நெருப்பு வைத்தவரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட இயலாது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மறைவும் புகழும்

1835 அளவிலேயே தோன்றிய காசநோய் முற்றி, 1852 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள், தம் 43 ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாளில், லூயி பிரெயில் உயிர் நீத்தார். திறவாமல் எரித்துவிடுமாறு ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றார் என்றும், ஆவலால் திறந்தோர் அதனுள் மாணவர் பலர் அவரிடம் கடன் பெற்றதற்கான சீட்டுகளையே கண்டனர் என்றும் அவர் நண்பர் வாயிலாக அறிகிறோம். வறியவரிடம் கொடுத்ததை மீட்க விரும்பாத உள்ளம் அது. மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நம்மவர்க்கு இச்செய்தி இனிக்கும்.

அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1854-இல், அவர் முறை பள்ளியில் முறைப்படி ஏற்கப்பட்டது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனையே சிறந்ததென்று தேர்ந்தது. 1952-இல், நூறாண்டு நிறைவில், அவர் எலும்புகள் கூவ்ரேயிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டுப் பிரெஞ்சு நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியன் மண்டபத்தில் வைக்கப்பட்டன. கைகள் மட்டும் பிறந்த ஊரிலேயே நிறுத்தப்பட்டன. அவ்விழாவையொட்டிப் பாரிஸுக்கு வந்தவருள் ஹெலன் கெல்லரும் ஒருவர். பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இழந்த அவ்வம்மையார்க்குத் தொடுவுணர்வு ஒன்றே உலகின் வாயில். பிரெயில் எழுத்தே நூலகம். 2019 முதல் ஜனவரி 4 ஆம் நாள் உலகப் பிரெயில் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் நாட்டில்

தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்வி தொடங்கினார். அக்காலத்தில் இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு புள்ளி முறைகள் வழங்கிக் குழப்பம் விளைந்தது. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்பட்டது. ஒலி ஒன்றாயின் குறியும் ஒன்று என்பதே இதன் நெறி. தமிழ் அகரத்திற்கு முதற்புள்ளி ஒன்றே. இந்தி அகரத்திற்கும் அதுவே.

நம் கோவையில், பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்தில், பார்வையற்ற குழந்தைகளைப் பொதுப்பள்ளியிலேயே கற்பிக்கத்தக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இத்தகைய கல்விக்கு 1974-இல் மத்திய அரசு ஒரு திட்டமே வகுத்தது. கூவ்ரே ஊர்ப் பள்ளியில் பெஷெரே செய்ததும் அதுவன்றோ? ஆயினும் அன்று லூயிக்கு இல்லாத எழுத்து இன்று குழந்தையின் கையில் இருக்கிறது.

நாம் கற்ற பாடம்

இங்கு நம் குறையொன்றைச் சொல்ல வேண்டும். நாம் ஆசிரியப் பணியேற்ற புதிதில், 1973 அளவில், கோவை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பார்வையற்ற சிறுமியொருத்தி தன் தம்பியோடு வந்து வகுப்பின் ஓரத்தில் அமர்வாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பாடுவாள். ஆண்டு விழாவில் அவளைப் பாட வைத்தோம், ஊரார் கைதட்டினர், நாமும் பெருமை கொண்டோம். தம்பி மேற்பள்ளிக்குச் சென்றதும் அவள் வருகை நின்றது. பல்லாண்டு கழித்து, பயிற்சி வகுப்பொன்றில் நாம் முதன்முதல் ஊசியால் புள்ளி குத்திய அன்று, அவள் நினைவு வந்து கை நின்றது. அவள் குரலைக் கேட்டோமேயன்றி, அவள் விரல்களை ஒரு நாளும் நோக்கினோமில்லை. பாரிஸ் சந்தையில் சிரித்த கூட்டத்தினும் நாம் நல்லவர்தாம். எனினும் அக்குழந்தையின் கைக்கு ஓர் எழுத்தும் தராமல் அனுப்பினோம் என்பதில் வேறுபாடில்லை. எரிப்பது மட்டுமன்று, கொடாமையும் தடையே.

நம் கொங்கு நாட்டவர் என்று போற்றப்படும் பவணந்தி முனிவர் தம் நன்னூலில், தொடுவுணர்வு ஒன்றே உடைய உயிர் முதலாக ஐந்தறிவும் உடைய உயிர் ஈறாக, நம் ஆகம நெறிப்படி உயிர்களை வகுத்துள்ளார். அவ்வரிசையில் எல்லா உயிர்க்கும் பொதுவாய் அடியில் நிற்பது மெய்யுணர்வு. எளியதென்று நாம் கருதும் அப்புலன் வழியாகவே ஆகமமும் அறிவியலும் ஒரு குழந்தையின் உள்ளத்தில் புகக்கூடும் என்று காட்டியவர் பிரெயில்.

பெற்றோர் செய்யத்தக்கன சில கூறுவோம். வீட்டிலுள்ள பல்லாங்குழிப் பலகையை நெடுக்கில் திருப்பி, மேல் மூன்று வரிசைக் குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அதுவே ஆறு புள்ளிச் சட்டம். இடப்புறம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்புறம் நான்கு, ஐந்து, ஆறு. முதற்குழியில் ஒரு புளியங்கொட்டை இட்டால் அகரம். முதற்குழியிலும் மூன்றாங்குழியிலும் இட்டால் ககரம். விளையாட்டாகவே எழுத்து வந்துவிடும். பின்னர்ச் சட்டத்தில் எழுதுகையில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

கைப்பேசியே படித்துக் காட்டும் இக்காலத்தில் புள்ளி எழுத்து எதற்கு என்று கேட்போர் உளர். செவியால் மட்டும் கற்கும் குழந்தைக்கு றன்னகரமும் தந்நகரமும் எங்கே வரும் என்பது எவ்வாறு தெரியும்? கேட்டல் ஒரு செல்வம்; எழுத்து மற்றொரு செல்வம். இரண்டும் அக்குழந்தைக்கு உரியன.

பார்வையோடு செவியும் இழந்த குழந்தையாயின் இன்னும் பொறுமை வேண்டும். அதன் கையைப் பற்றி இழுத்துப் பொருள்மீது அழுத்துதல் கூடாது. நம் கையைக் கீழே வைத்து, அதன் கை மேலே அமர இடந்தந்து, அது போகும் வழியே நாம் போக வேண்டும். அப்போதுதான் அறியும் விருப்பம் குழந்தையுடையதாக இருக்கும். களிமண் பிசையட்டும், தான் விரும்பிய உருவைச் செய்யட்டும், தன் கதையைத் தானே எழுதட்டும். நாம் காணும் யானையைப் போல் அதன் யானை இல்லையெனத் திருத்த வேண்டா. பன்னிரண்டு புள்ளி மிகுதியென்று ஒரு சிறுவன் சொன்னபோது, அவனைத் திருத்தாமல் செய்யவிட்டதன் பயனே இன்று உலகம் துய்ப்பது.

நால்வகைத் தானத்துள் சாத்திர தானமும் ஒன்று. நூலை அச்சிட்டு வழங்குதலை அத்தானமாக நம் முன்னோர் போற்றினர். பெறுவோரால் படிக்க இயலும் வடிவில் கொடுத்தாலன்றோ அது நிறைவுறும்? வரும் சுருத பஞ்சமியில் நம் அறநூல் ஒன்றேனும் புள்ளி எழுத்தில் ஆக்கப்பட்டு, வணங்கும் நூல்களோடு பீடத்தில் வைக்கப்படட்டும். பூசை முடிந்த பின் அது பெட்டிக்குள் போகாமல், கற்க விழையும் ஒரு குழந்தையின் விரல்களுக்குப் போய்ச் சேரட்டும். நம் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்த அச்சிறுமிக்கு நாம் செலுத்தாத கடனை அவ்வகையிலேனும் தீர்ப்போமாக.